மைலேஜ் உங்கள் வலக்கையில்!

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனால் பெட்ரோல் கரையும். என்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற, உள் உராய்வே எரிபொருளைத் தின்னும். 100 சிசி பைக்கா? வழி கிடைத்ததும் டாப் கியருக்கு மாறி, 40-50 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள். அதற்காக 20-இல் டாப் கியர் போட்டு இழுக்காதீர்கள். வண்டி திணறினால் மிச்சம் ஒன்றுமில்லை, என்ஜினுக்குத்தான் கேடு. காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறுகிறீர்களா? யோசிக்காமல் ஒரு கியர் இறக்குங்கள்.

ஸ்கூட்டரில் கியரை பெல்ட்டே பார்த்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரைச் சட்டென முறுக்கினால் சுழற்சி எகிறிவிடும்; மெல்லத் திருகுங்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ஜினை அணைத்துவிடுங்கள். ஹாரனும் வேண்டாம், ரயில் அதற்கெல்லாம் நகராது.