கடிதத்தால் வளர்ந்த கட்சி

கேள்வி: நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதியே ஒரு கட்சி பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் வேரூன்ற முடியுமா?

பதில்: ஆசிரியருக்கு எழுதப்படும் கடிதத்தை வெளியிடுவதும் வெட்டுவதும் இதழாசிரியரின் விருப்பமாதலால், அவ்வழியில் மட்டும் ஒரு கட்சி வேரூன்றுவது அரிது. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் அம்முறையைத் தலைகீழாக்கி, தலைவர் தொண்டருக்கு எழுதும் கடிதத்தைக் கட்சி இதழ்களிலேயே அச்சிட்டது. 1955 முதல் 'திராவிட நாடு' வார இதழில் 'தம்பி' என விளித்து அண்ணாதுரை எழுதியவையும், 'முரசொலி'யில் 'உடன்பிறப்பே' என விளித்துக் கருணாநிதி எழுதியவையும், படிப்பகம் எனப்பட்ட சிறு வாசகசாலைகளில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டமையால், எழுத்தறியாதோரையும் எட்டின.

அன்று திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்த அரியலூரின் அருகே 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே துணை அமைச்சர் அழகேசனைச் சாடி எழுந்த முழக்கம், கழகம் முதன்முறையாகப் போட்டியிட்டு 15 இடங்களை வென்ற 1957 தேர்தலில் ஊரெங்கும் ஒலித்தது. வாக்குச் சேர்ப்பதில் முழக்கமே வலிது என்பதை மறுப்பதற்கில்லை. கடிதமோ கிளைச் செயலாளர் மேடையில் என்ன பேசுவது என்பதைப் பயிற்றுவித்தது. நெருக்கடிநிலைத் தணிக்கையின்போதும், 1976 பிப்ரவரியில் அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதோர் என்ற பெயரில் கைதானோரின் பட்டியலையே 'முரசொலி' வெளியிட்டுத் தொண்டர்களுக்குச் செய்தி சொன்னது.