பிழையின் நட்டம் யார் தலையில்?: அடையாளத் தொழில்நுட்ப முதலீட்டை ஆராய வந்தவருக்கு ஒரு கடிதம்



ஸ்மார்ட் கார்டு, விரல்ரேகைக் கருவி, முகமறியும் மென்பொருள் ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்களை மதிப்பிடும் பணிக்குப் புதிதாக வருபவர், பெரும்பாலும் தொழில்நுட்ப விளக்க ஏட்டையே முதலில் கையிலெடுக்கிறார். சிப்பின் நினைவகம் எவ்வளவு, ஒப்பிட எத்தனை நொடி ஆகிறது, துல்லியம் எத்தனை சதவீதம் என்றெல்லாம் அந்த ஏடு சொல்லும். ஆனால் இத்துறையின் ஐம்பதாண்டு வரலாற்றைப் படிப்பவருக்கு வேறொரு கேள்வியே முதன்மையாகத் தெரியும்: பிழை நேர்ந்தால் அதன் நட்டம் யார் தலையில் விழுகிறது? இதற்கு விடை காணாத மதிப்பீடு, எத்தனை அட்டவணைகளைக் கொண்டிருந்தாலும், அடித்தளம் இல்லாதது.

ஸ்மார்ட் கார்டு என்பது தன்னுள் பதித்த சிப்பில் தகவலைச் சேமிப்பதோடு நின்றுவிடாமல், இரகசியச் சாவி ஒன்றைக் கொண்டு தானே கணக்கிட்டு, எதிரிலுள்ள கருவிக்குத் தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் அட்டையாகும். (தமிழ்நாட்டில் 2017 முதல் வழங்கப்பட்ட ஸ்மார்ட் ரேஷன் அட்டையில் இத்தகைய சிப் இல்லை, கியூஆர் குறியீடே உள்ளது, ஆகவே அரசு ஸ்மார்ட் அட்டை தருகிறது என்ற செய்தியை மட்டும் நம்பி ஒரு சிப் நிறுவனத்தின் வருவாயைக் கூட்டி எழுதிவிடக் கூடாது.) பிரான்சில் ரோலான் மொரேனோ 1974இல் நினைவக அட்டைக்குக் காப்புரிமை கோரினார், 1992க்குள் அந்நாட்டு வங்கி அட்டைகள் எல்லாவற்றிலும் சிப் ஏறிவிட்டது. அமெரிக்காவோ அதற்குப் பின்னும் இருபதாண்டுகளுக்கு மேல், எளிதில் நகலெடுக்கக்கூடிய காந்தப் பட்டையையே நம்பியிருந்தது. அங்கே யாருக்கும் சிப்பைப் பற்றித் தெரியாமல் இல்லை. கோடிக்கணக்கான அட்டைகளையும் கடைகளில் உள்ள கருவிகளையும் மாற்றும் செலவைவிட மோசடியால் வரும் இழப்பைத் தாங்கிக்கொள்வது வங்கிகளுக்கு மலிவாகப்பட்டது, அவ்வளவே. போலி அட்டை மோசடியின் நட்டத்தை, சிப் வசதி செய்துகொள்ளாத தரப்பே, அது வங்கியானாலும் கடைக்காரரானாலும், ஏற்க வேண்டும் என்று விசா, மாஸ்டர்கார்டு முதலிய வலையமைப்புகள் விதியை மாற்றி, அதை 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அட்டைகளும் கருவிகளும் விரைந்து மாறின. தொழில்நுட்பம் அதே பழைய தொழில்நுட்பம்தான். நட்டம் மட்டும் இடம் மாறியது. அந்த விதியின் அறிவிப்பைத் தேதியோடு படித்து வைத்திருந்த ஆய்வாளருக்கு, சிப்பின் உள்ளமைப்பை அறிந்தவரைவிடத் தெளிவான பார்வை கிடைத்திருக்கும்.

இப்படி நட்டம் இடம் மாறுவதால் எழும் சந்தைக்கு, அச்சத்தால் எழும் சந்தை நேர்மாறானது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் பங்குச்சந்தை 2001 செப்டம்பர் 17 அன்று மீண்டும் திறந்தபோது டௌ ஜோன்ஸ் குறியீடு 7 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதே நாளில் முகமறியும் மென்பொருள் செய்த விசியானிக்ஸ், வைசேஜ் ஆகியவற்றின் பங்குகள் பெருமளவு ஏறின. ஆனால் ஃபுளோரிடாவின் டாம்பா நகரக் காவல்துறை, விசியானிக்ஸ் மென்பொருளை ஈபோர் சிட்டி வீதிகளில் இரண்டாண்டுகள் இயக்கியும் ஒருவரையும் அதன்வழிக் கைதுசெய்ய முடியாமல், 2003 ஆகஸ்டில் கைவிட்டது. விசியானிக்ஸ் 2002இல் ஐடென்டிக்ஸுடன் இணைந்தது. ஐடென்டிக்ஸும் வைசேஜும் 2006இல் இணைந்து எல்-1 என்ற நிறுவனமாயின. எல்-1ஐ 2011இல் பிரான்சின் சஃப்ரான் வாங்கியது. அன்று ஏறிய இரு பெயர்களும் இன்று பங்குப் பட்டியலில் இல்லை.

அரசின் ஆணையால் எழும் சந்தையும், அந்த ஆணை எவ்வளவு காலம் நிற்குமோ அவ்வளவு காலமே நிற்கும். பிரிட்டன் 2006இல் அடையாள அட்டைச் சட்டத்தை இயற்றி, ஆட்சி மாறியதும் 2010இல் நீக்கியது. 2011இல் அட்டைதாரர்களின் தகவலைக் கொண்ட பதிவேட்டின் வன்தட்டுகளே அழிக்கப்பட்டன. 30 பவுண்டு செலுத்தி அட்டை பெற்றவர்களுக்குப் பணம் திரும்பவில்லை.

பயோமெட்ரிக் எனப்படும் உடலடையாள முறையில், நட்டம் யார் தலையில் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இதில் பிழை இருவகைப்படும்: வேறொருவரை உரியவராக ஏற்பது தவறான ஏற்பு, உரியவரையே திருப்பி அனுப்புவது தவறான மறுப்பு. ஏற்கும் வரம்பை இறுக்கினால் முதலாவது குறைந்து இரண்டாவது கூடும், தளர்த்தினால் அது தலைகீழாகும். எனவே துல்லியம் என்று ஒற்றை எண்ணைக் காட்டும் நிறுவனம் பாதியையே சொல்கிறது. பத்தாயிரம் ஒப்பீட்டில் ஒன்றே தவறாக ஏற்கும் கருவி, ஒருவரின் ரேகையை அவருடைய பதிவோடு மட்டும் ஒப்பிடும்போது நல்ல கருவி. ஆனால் ஒரு ரேகையை 10 லட்சம் பேர் கொண்ட தொகுப்பில் தேடச் சொன்னால் அதுவே சராசரியாக 100 பேரைத் தவறாகக் காட்டும். அதுபோலவே, மாதம் 10 கோடி முறை நடக்கும் சரிபார்ப்பில் ஒரு சதவீதத் தவறான மறுப்பு என்றால், மாதந்தோறும் 10 லட்சம் முறை உரியவரே திருப்பப்படுகிறார் என்று பொருள்.

அந்த மறுப்புகள் எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. செங்கல் சூளையிலும் வயலிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரல்கள்மீதும் முதியோரின் வறண்ட தோல்மீதுமே அவை மிகுதியாக விழுகின்றன. இந்தியாவின் ஆதார், சிப் கொண்ட அட்டையாக அமையாமல், இணையவழியில் சரிபார்க்கப்படும் 12 இலக்க எண்ணாக அமைக்கப்பட்டது. அட்டைச் செலவு மிச்சமானது உண்மை. ஆனால் ரேஷன் கடையில் இணைப்பு அறுந்தாலும் ரேகை ஒத்துப்போகாவிட்டாலும் வெறுங்கையோடு வீடு திரும்ப நேர்வது அரிசி வாங்க வந்தவருக்கே. கருவி விற்றவருக்கு அதனால் ஒரு ரூபாயும் குறைவதில்லை. இது அநீதி, முதலீட்டு நோக்கில் இது பெரும் ஆபத்தும் ஆகும். நட்டத்தை உணராத விற்பனையாளருக்குத் திருத்திக்கொள்ளும் கட்டாயமில்லை; திருத்தப்படாத குறை ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், நலத்திட்டங்களுக்கு ஆதாரை ஏற்றாலும், தனியார் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியபோது, அந்தச் சரிபார்ப்பையே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்துவந்த தனியார் நிறுவனங்கள் ஒரே தீர்ப்பில் வழியிழந்தன. 2019இல் சட்டத்திருத்தம் வரும் வரை நிச்சயமின்மை நீடித்தது.

அட்டையை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது என்ற வேறுபாட்டையும் ஆய்வாளர் எடைபோட வேண்டும். எஸ்தோனியாவில் 2017இல் சுமார் 7.6 லட்சம் அடையாள அட்டைகளின் சிப்பில் சாவி உருவாக்கும் முறை பலவீனமானது எனத் தெரிந்ததும், அவற்றின் மின்சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டுப் புதியவை வழங்கப்பட்டன. ஆனால் 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் களவு போயின. அவற்றுக்கு மாற்று விரல் வழங்க எவராலும் இயலாது.

ஆகவே நிறுவனத்தாரைச் சந்திக்கும்போது ஆய்வாளர் கேட்டுப் பெற வேண்டியது ஒப்பந்தத்தில் பிழையின் பொறுப்பைச் சொல்லும் பக்கத்தை: தவறான மறுப்பு எவ்வளவு வரை பொறுக்கப்படும், அது ஆய்வகத்தில் அளக்கப்பட்டதா கடைவாசலில் அளக்கப்பட்டதா, வரம்பு மீறினால் விற்பனையாளருக்கு அபராதம் உண்டா, ரேகை படியாதவருக்கு மாற்று வழி என்ன, அந்த வழியை நடத்தும் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அந்தப் பக்கத்தைக் காட்ட மறுக்கும் நிறுவனத்தின் வருவாய்க் கணிப்பை, அதன் கைவசமுள்ள கொள்முதல் ஆணைகள் எவ்வளவு பெருகியிருந்தாலும், குறைத்தே எழுத வேண்டும். அறிக்கையில் அதற்கான காரணத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.