பட்டறைத் தரைக்கு எபாக்சி: கடையை மூடாமல் பகுதி பகுதியாகப் பூசும் முறை



கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதிகளில் பைக் மெக்கானிக் கடை, லேத், வெல்டிங், மரப்பட்டறை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. பத்தடிக்கு இருபதடி இடத்துக்குள் இயந்திரம், இரும்பு, வேலைக்கு வந்த வண்டி எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும். தரையோ எண்ணெய் குடித்து, சிமெண்ட் பொடிந்து, பெருக்கப் பெருக்கத் தூசியாக வரும். எபாக்சி பூசினால் இது தீரும். ஆனால், "கடையைப் பூட்டிவிட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது?" என்ற தயக்கம் எல்லோருக்கும் வருகிறது.

பூட்ட வேண்டியதில்லை, இடத்தை மூன்றாகப் பிரித்துப் பூசலாம். ஆனால் முறை தவறினால் பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். கடன் வாங்கிப் போட்ட பணமானால் இழப்பு இரண்டு மடங்கு. ஆகவே படிப்படியாகப் பார்ப்போம்.

1. எபாக்சி என்பது என்ன?

வீட்டில் உடைந்ததை ஒட்ட அரால்டைட் வாங்கினால் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று ரெசின், மற்றொன்று ஹார்ட்னர். இரண்டும் கலந்தால்தான் இறுகும். தரைக்குப் பூசும் எபாக்சியும் அதே வகைதான். சாதாரண பெயிண்டைப் போல் வெறுமனே உலர்வதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாகிறது. அதனால் அளவு தவறினால், எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது.

2. முதலில் ஈரத்தைப் பாருங்கள்

நம் ஊர்களில் நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. 2011 தானே புயலையும் 2015 பெருமழையையும் நாம் மறக்கவில்லை. பழைய கட்டடங்களில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் ஷீட் பெரும்பாலும் கிடையாது. அடியிலிருந்து ஏறும் ஈரம் பூச்சைத் தள்ளிவிடும்.

சோதிப்பது எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சிமெண்ட் கறுத்திருந்தாலோ, இப்போது பூசாதீர்கள். மழைக்காலம் முடிந்து, பிப்ரவரிக்குப் பிறகு மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஈரம் தெரிந்தால் அந்தத் தரைக்குச் சாதாரண எபாக்சி ஆகாது. புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாளாவது ஆறட்டும்.

3. எண்ணெய் எடுப்பதும் தேய்ப்பதும்

பூசுவதற்கு ஒரு வாரம் முன்பே சலவை சோடா கலந்த வெந்நீரால் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தரை உறிஞ்சினால் சரி. முத்துப்போல் உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். பிறகு டைமண்ட் கப் வீல் மாட்டிய கிரைண்டரால் மேல்தோலை எடுக்க வேண்டும். உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருந்தால்தான் பூச்சு பிடிக்கும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுப்பது. என்-95 முகக்கவசம் கட்டாயம். தூசியை விளக்குமாற்றால் கிளப்பாமல், வாக்குவம் கிளீனரால் எடுங்கள்.

4. மூன்று பகுதி, ஆறு வாரம்

வாசலுக்கு எதிர்ப்புறம் உள்ள கடைசிப் பகுதியில் தொடங்கி, வாசலில் முடியுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் கடைகளுக்கு வாரக் கணக்கு இப்படி அமையும்: வியாழன் மாலை பிரைமர், வெள்ளி அஸருக்குப் பிறகு மேல்பூச்சு, ஞாயிறு முதல் நடக்கலாம், ஒரு வாரம் கழித்து அடுத்த சனிக்கிழமை கனமான சாமான்களை அங்கே மாற்றலாம். அதற்கடுத்த வியாழன் இரண்டாம் பகுதி. டின்னில் வேறு கால அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மாலையில் பூசுவதற்குக் காரணம் உண்டு. காலையில் தரை சூடேறும்போது கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து, பூச்சில் கொப்புளம் கிளப்பும். சூடு இறங்கும் நேரத்தில் அது குறையும். பனியோ மழையோ இருக்கும் நாளில் வேண்டாம்.

அந்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் குறையும். பழைய இரும்பை முன்பே விற்றுவிடுங்கள். தெருவில் போட்டு அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள். போல்ட் போட்டு நிறுத்திய லேத்தை நகர்த்த வேண்டாம், மட்டம் கெடும். அதன் கால்களைச் சுற்றி டேப் ஒட்டி, அதுவரை பூசினால் போதும்.

5. இணைப்பில்தான் சூட்சுமம்

பகுதி முடியும் இடத்தில் நேர்கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூச்சு ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். இறுகிய எபாக்சியின் வழவழப்பின்மேல் புது எபாக்சி பிடிக்காது. அடுத்த பகுதி பூசும்முன், பழைய ஓரத்தில் இரண்டு அங்குலத்தை உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்துத் துடைத்து, அதன்மேல் ஏறப் பூசுங்கள். நிறம் மாறாதிருக்க மூன்று பகுதிக்கும் ஒரே பேட்ச் எண் உள்ள டின்களை ஒரே தடவையில் வாங்குங்கள்.

6. கலவையும் அளவும்

100 சதுர அடிக்குக் கால் மில்லிமீட்டர் கனம் வர, கரைப்பான் கலக்காத எபாக்சி ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தேவை. கண்மதிப்பாகக் கலக்காதீர்கள், டின்னில் சொன்ன விகிதத்தை அளந்து ஊற்றுங்கள். மூன்று நிமிடம் கலக்கி, வேறு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். வாளியிலேயே வைத்திருந்தால் சூடேறி, சீக்கிரம் கட்டியாகிவிடும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகம். சிறிது சிறிதாகக் கலந்து, உடனே தரையில் ஊற்றி ரோலரால் இழுங்கள். வழுக்காதிருக்க மேல்பூச்சில் மெல்லிய குவார்ட்ஸ் மணல் தூவலாம். வெல்டிங் பொறி பூச்சைச் சுடும்; அந்த இடத்தில் இரும்புத் தகடு போடுங்கள்.

7. உடல் முக்கியம்

கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். மாடியில் குடும்பம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். கையுறை அணியுங்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னரால் துடைத்தால் தோலுக்குள் இறங்கும். எபாக்சி அலர்ஜி ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் விடாது. வேலை கற்க வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு இதில் இறக்காதீர்கள்.

அடுத்தடுத்த கடைக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, கிரைண்டரையும் வாக்குவம் கிளீனரையும் ஒரே நாள் வாடகைக்கு எடுத்தால் செலவு பங்காகும். டின் வாங்கக் கடைக்குப் போகும் முன் பாலித்தீன் ஷீட்டை ஒட்டிப் பாருங்கள். தரை காய்ந்திருந்தால், இன்ஷா அல்லாஹ், உங்கள் பணம் வீண்போகாது.