ஆழ்ந்து செல்லும் பாறைத் தகடு

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம் வழக்கு. ஆயினும் அந்நிலத்தின் அடியில் ஓயாத போராட்டம் ஒன்று நிகழ்கின்றது. அதனை ஜப்பான் நாட்டின் கீழ்ப்பாற் கடலடியில் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

பசிபிக் கடலைத் தாங்கும் பாறைத் தகடு, ஆண்டொன்றுக்கு 8 செ. மீ. அளவில் மேற்கே நகர்ந்து, ஜப்பான் அகழியருகே வளைந்து நிலத்துட் புகுகின்றது. பச்சை மூங்கிற் பிளாச்சு ஒன்றை வளைத்துக் காண்க. புறப்பக்கம் நீளும், அகப்பக்கம் நெருங்கும். பாறையும் அவ்வாறே. ஆதலின் அகழியை அணுகும் தகட்டின் மேற்பகுதி இழுவிசைக்கும், கீழ்ப்பகுதி அமுக்குவிசைக்கும் உள்ளாகும். பொருளினுள் எழும் இவ்விசையைத் தகைவு என்றும், அதனால் விளையும் வடிவ மாற்றத்தைத் திரிபு என்றும் கூறுவர். தகைவு பாறையின் வலிமையைக் கடந்துழிப் பாறை பிளக்கும்.

1933 மார்ச் 3 ஆம் நாள் பின்னிரவில் நிகழ்ந்தது இதுவே. சான்ரிக்குக் கரைக்கு அப்பால் வளைந்த தகடு இழுவிசையாற் பிளந்தது. நில அதிர்வால் நேர்ந்த கேடு சிறிது. பின்னெழுந்த கடற்பேரலையோ ஏறக்குறைய 3,000 மக்களைக் கொண்டது. இரு தகடுகள் உராய்ந்தமையால் அன்று, ஒரு தகடே பிளந்தமையால் அந்நடுக்கம் எழுந்தது என்பதனைக் கனமோரி என்னும் அறிஞர் 1971 இல் விளக்கினார்.

உட்புகுந்த தகடு ஆழத்தில் மீண்டும் நிமிர்கின்றது. அப்பொழுது முறை மாறுகின்றது: மேற்பகுதி அமுக்கவும் கீழ்ப்பகுதி இழுக்கவும் படுகின்றன. வடகிழக்கு ஜப்பானின் அடியில் நடுக்கங்கள், 30 முதல் 40 கி. மீ. இடைவெளியுடன், இரு வரிசையாய் அமைந்துள்ளன என 1978 இல் ஹசெகவா முதலியோர் கண்டமை இதற்குச் சான்றாம்.

அத்துணை அழுத்தத்திற் பாறை பிளத்தல் யாங்ஙனம்? கனிமங்களிற் பிணைந்திருந்த நீர் வெப்பத்தால் வெளிப்பட்டுப் பாறையை நெகிழச் செய்யும் என்பர். இன்னும் ஆழத்தில், குளிர்ந்து கனத்த தகடு தன் எடையால் இறங்க, 660 கி. மீ. அளவில் அடர்ந்த கீழ்ப்பாறை அதனைத் தடுக்கும். எனவே ஆண்டு அமுக்குவிசையே மேம்படும். 2013 மே 24 இல் ஒகோட்ஸ்கு கடலடியில், 600 கி. மீ. ஆழத்தில் எழுந்த நடுக்கம் 8.3 அளவினது. அதுவும் இப்பசிபிக் தகட்டினுள் எழுந்ததே.

நடுக்கத்தின் நாளை முன்னறிந்து கூற வல்லார் இலர். ஆயினும் கரையில் உணரும் அதிர்வு சிறிதென்று கடலை நம்பற்க என்பதே 1933 ஆம் ஆண்டு கற்பித்த பாடம். நெடுநேரம் நிலம் அசைந்தால், அலையைக் காணுமுன் மேட்டுநிலம் நாடுக. கல்வியின் பயன் உயிர்களைக் காத்தலன்றோ!