14-ஆ, 16-ஆ? கேமராக்காரப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்

கேமரா வாங்கி, லென்ஸ் வாங்கி, முதல் இரண்டு மூன்று கல்யாணம் எடுத்து முடித்த கையோடு எல்லாப் பிள்ளைகளும் கேட்பது இதைத்தான்: "அண்ணே, லேப்டாப் 14 இன்ச் எடுக்கவா, 16 இன்ச் எடுக்கவா?" ஒற்றை எண்ணில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கேட்டவர் என்ன படம் எடுக்கிறார், எப்படிப் போய்வருகிறார், வீட்டில் மேசை இருக்கிறதா என்று தெரியாமல் சொல்லும் எண்ணை நம்பி யாரும் கடைக்குப் போகக்கூடாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1. வெளியூரில் உட்கார்ந்து என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நம் தொழிலில் கம்ப்யூட்டர் வேலை மூன்று வகை. கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைப்பது ஒன்று. ஆயிரக்கணக்கான படங்களில் கண் மூடியது, ஆட்டம் கண்டது, ஒரே மாதிரி இருப்பது எல்லாவற்றையும் கழித்துக்கட்டுவது இரண்டாவது. மூன்றாவது நிறம், தோல், வெளிச்சம் பார்த்து முடித்துக் கொடுப்பது. முதல் வேலைக்கு எந்தத் திரையும் போதும். இரண்டாவதற்குத் திரையின் அளவைவிட அது கூர்மையாகக் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். படச்சுருள் காலத்தில் லைட் பாக்ஸின் மேல் ஸ்லைடை வைத்து, லூப்பில் ஒற்றைக் கண்ணை வைத்துத் தேர்வு செய்தோம். படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். அதில் ஃபோகஸ் தவறியதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 13 இன்ச் திரை ஒரு மைதானம். மூன்றாவது வேலைக்குத்தான் பெரிய திரை உதவும். அந்த வேலையை ரயிலிலும் மண்டபத்து மாடியறையிலும் செய்யத்தான் வேண்டுமா என்பதே உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டியதில்லை.

2. கடைக்காரர் சொல்லும் இன்ச், திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்தது. திரையின் வடிவம் மாறினால் அந்த எண் ஏமாற்றும். 15.6 இன்ச், 16:9 வடிவத் திரையின் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம், உயரம் 7.65 அங்குலம். 16 இன்ச், 16:10 திரையின் அகலமும் அதே 13.6தான். ஆனால் உயரம் 8.5. அதாவது கூடுதலாகக் கிடைப்பது முழுக்க உயரத்தில்தான். இப்போது 14 இன்ச், 16:10 திரையைப் பாருங்கள்: உயரம் 7.4 அங்குலம். பெண்ணை முழு உருவமாக நிறுத்தி எடுத்த நெட்டுவாக்குப் படத்தை 15.6லும் 14லும் திறந்தால் உயரத்தில் கால் அங்குலம்கூட வித்தியாசம் இருக்காது. தூக்கிச் சுமப்பதில் மட்டும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நம் கேமராவின் சென்சார் 3:2. அதே வடிவத்தில் திரை உள்ள லேப்டாப்களும் உண்டு. 13.5 இன்ச், 3:2 திரையின் பரப்பு 14 இன்ச், 16:9 திரையின் பரப்புக்குச் சமம். ஒரு மயிரிழை கூடுதல் என்றே சொல்லலாம். அதனால் 16:9 திரையைப் பட வேலைக்கென்று இனி வாங்காதீர்கள். வீடியோ மட்டுமே வெட்டுகிறவர்கள் வாங்கட்டும்.

3. 17 இன்ச் வேண்டாம். அது மேசையில் கிடக்கப் பிறந்தது.

4. அடுத்தது பிக்சல். 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000. அதை முழு அளவில், அதாவது 100 சதவீதத்தில் திறந்தால், 1920க்கு 1080 திரையில் படத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் தெரியும். 2560க்கு 1600 திரையில் ஆறில் ஒரு பங்கு தெரியும். குடும்பத்தோடு நிற்கும் குரூப் போட்டோவில் பாட்டியின் கண் திறந்திருக்கிறதா, பேரனின் கண் திறந்திருக்கிறதா என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கும்போது இந்தப் பாதி வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சின்னத் திரையில் பிக்சல் நெருக்கம் கூடினால் எழுத்து எறும்பாகிவிடும் என்று விண்டோஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும். 14 இன்ச்சில் 2880க்கு 1800 என்று பெருமையாக எழுதியிருப்பதை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், கருவிப்பட்டைகளுக்குக் கிடைக்கும் இடம் 1440க்கு 900 அளவுதான். படம் கூர்மையாகத் தெரியும். மேசை மட்டும் சின்னது. இன்னொன்று, நெருக்கமான திரையில் 100 சதவீதத்தில் பார்த்தால் லேசாக ஃபோகஸ் தவறிய படமும் கூர்மையாகவே தோன்றும். பிக்சல் அவ்வளவு பொடி. அந்த மாதிரித் திரை வைத்திருப்பவர்கள் 200 சதவீதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு 'சரி' போடுங்கள். இல்லாவிட்டால் ஆல்பத்தில் இரண்டு பக்கமாக விரித்த பிறகுதான் தெரியும்.

5. இடம் போதவில்லை என்று பெரிய லேப்டாப் தேடுவதற்கு முன்னால், இருக்கிற இடத்தை மென்பொருள் எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் இடப்பக்கம் ஒரு பட்டை, வலப்பக்கம் ஒன்று, கீழே படவரிசை, மேலே தலைப்பு என்று நாலாபக்கமும் வேலி. நடுவில் படம் ஒரு தபால்தலை. எஃப்7 இடப்பட்டையை மறைக்கும், எஃப்6 படவரிசையை மறைக்கும். டேப் விசை இரண்டு பக்கத்தையும் ஒன்றாக மறைக்கும். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நான்கு பக்கமும் போகும். படம் கழிக்கும்போது பட்டைகளே தேவையில்லை. பி அழுத்தினால் தேர்வு, எக்ஸ் அழுத்தினால் கழிவு. கேப்ஸ் லாக்கைப் போட்டு வைத்தால் தானே அடுத்த படத்துக்குப் போய்விடும். இந்த ஐந்தாறு விசைகள் விரலில் ஏறிவிட்டால் 13 இன்ச்சிலேயே 15 இன்ச்சின் வசதி வந்துவிடும், அதுவும் செலவில்லாமல்.

6. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அளவுக்கு முன்னால் நிறம். விலை குறைந்த லேப்டாப்களின் குறிப்பில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை எஸ்ஆர்ஜிபி கணக்கில் சொன்னால் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. எஸ்ஆர்ஜிபி என்பது 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வகுத்த நிற எல்லை. பெரும்பாலான ஆல்பம் லேப்கள் கேட்பதும், வாடிக்கையாளரின் போன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அதைக்கூட முழுதாகக் காட்டாத திரையில் என்ன நடக்கும்? அரக்குப் புடவை, குங்குமச் சிவப்பு, மணமேடைப் பின்னணியின் சிவப்பு மூன்றும் ஒரே மங்கிய ஆரஞ்சாகத் தெரியும். மயில்கழுத்துப் பட்டு சாயம் போனது போல இருக்கும். படம் சப்பென்று இருக்கிறதே என்று நீங்கள் நிறத்தை ஏற்றுவீர்கள். ஏற்றிய படம் பெண்வீட்டாரின் நல்ல போனில் போய்த் திறக்கும்போது புடவை எரியும், முகம் தக்காளியாகிவிடும். இந்தத் திரை 14 இன்ச்சாக இருந்தால் என்ன, 16 இன்ச்சாக இருந்தால் என்ன? பெரிய திரையில் பெரிய பொய்.

ஆகவே குறிப்பில் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று இருக்க வேண்டும். '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தாலும் ஏறத்தாழ அதே பொருள்தான். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரைகள் விற்பனைக்கு வரும் என்பதையும் மறக்காதீர்கள். பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது, அந்தப் பெட்டியின் குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். ஓஎல்இடி திரை என்றால் நேர்மாறான தொல்லை: எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிய நிறங்களையும் காட்டும். நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் திறந்தால் எல்லாப் படமும் திருவிழாக் கோலத்தில் இருக்கும். நீங்கள் பயந்துபோய் நிறத்தைக் குறைப்பீர்கள். அதில் எஸ்ஆர்ஜிபி நிலை இருந்தால் அதைப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள்.

ஒரே விலையில் நல்ல நிறமுள்ள 14 இன்ச்சும் மங்கிய 16 இன்ச்சும் எதிரெதிரே நின்றால் யோசிக்கவே வேண்டாம்.

7. எடை. ஆப்பிளின் வரிசையிலேயே பாருங்கள்: 13.6 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோ, 15.3 இன்ச் ஏர் 1.51 கிலோ, 16.2 இன்ச் ப்ரோ 2.1 கிலோவுக்கு மேல். விண்டோஸில் விளையாட்டுக்கென்று செய்த 16 இன்ச் லேப்டாப்கள் இதைவிடக் கனம். அவற்றின் சார்ஜர் ஒன்றே அரை கிலோவுக்கு மேல் போகும், அதைக் கணக்கில் சேர்க்காமல் விளம்பரம் செய்வார்கள். 13க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு 70-200 லென்ஸின் எடை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். இரண்டு பாடி, மூன்று லென்ஸ், ஃப்ளாஷ் போட்டாலே அது நிறைந்துவிடும். லேப்டாப்பைச் சரக்குப் பெட்டியில் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

8. எங்கே திறக்கப்போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். விமானத்தில் முன்சீட்டுக்காரர் சாய்ந்தால் 16 இன்ச் மூடி நிமிர்ந்து நிற்காது. ரயிலில் பக்கவாட்டுக் கீழ்பெர்த்தில் காலை நீட்டி மடியில் வைத்தால் 14 சுகம். பஸ்ஸில் எதையும் திறக்காதீர்கள், தூங்குங்கள். பகலில் ஜன்னலோரம் என்றால் 250 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரையில் உங்கள் முகம்தான் தெரியும். 400 இருந்தால் பரவாயில்லை. பளபளத் திரை என்றால் நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் படத்தின் மேல் விழும். இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. நிற வேலை செய்கிறவர்கள் சாம்பல், கறுப்புச் சட்டை போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைச் சுவரும் பழைய டியூப்லைட்டுமாக இருக்கும் மண்டபத்து அறையில் தோல் நிறத்தை முடிவு செய்யக்கூடாது. அங்கே வெளிச்சத்தை மட்டும் சரிசெய்யுங்கள், நிறத்தை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

9. சார்ஜரைப் பிடுங்கியதும் சில லேப்டாப்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, படத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைத் தானே ஏற்றி இறக்கும். இருட்டுப் படம் திறந்தால் திரையும் இருளும். நீங்கள் அதைப் படத்தின் குறை என்று நினைத்துத் திருத்துவீர்கள். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். இரவில் மஞ்சளாக்கும் வசதியையும், ஆப்பிளில் ட்ரூ டோனையும் சேர்த்து அணையுங்கள்.

10. சரி, யாருக்கு எது? காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள், வால்பாறையில் சிங்கவால் குரங்கு எடுக்கவோ வேடந்தாங்கலில் பறவை எடுக்கவோ நீண்ட லென்ஸும் முக்காலியும் தூக்குகிறவர்கள் 13 இன்ச்சோடு நின்றுகொள்ளலாம். அறைக்கு வந்து நகல் எடுத்து, கழித்துவிட்டுத் தூங்கத்தான் நேரம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா என்று எல்லாம் எடுக்கும் பெரும்பாலோருக்கு 14 இன்ச், 16:10. காலையில் எடுத்த முகூர்த்தப் படங்களில் முப்பதை மாலை ரிசப்ஷன் எல்இடி திரையில் ஓட்ட வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் காசும் வாங்குகிறவர்கள் 16 எடுக்கலாம். அவர்கள் கார் வைத்துப் போகிறவர்கள், மேசை நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்பவர்கள். 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களும் 16 எடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

11. 14க்கும் 16க்கும் இடையில் மிச்சமாகும் காசில் வீட்டுக்கு ஒரு மானிட்டர் வாங்குங்கள். 27 இன்ச், 2560க்கு 1440, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்றால் ஆல்பம் வேலைக்குத் தாராளம். எந்த லேப்டாப் திரையும் இதற்கு ஈடாகாது, 16 இன்ச் உட்பட. நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவியை நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 நிட்ஸ் என்று வையுங்கள். லேப்பிலிருந்து பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள்.

12. வாங்கப் போகும்போது, ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்கள் ஊர்க் கடையோ, பென் டிரைவில் நீங்கள் எடுத்த படங்களையே கொண்டுபோங்கள். சிவப்புப் புடவை ஒன்று, கறுப்புக் கோட்டு ஒன்று, நெட்டுவாக்குப் படம் ஒன்று. கடையில் ஓடும் மலர்த்தோட்ட வீடியோ எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் படத்தைத் திறந்து, கோட்டின் மடிப்புகள் தெரிகிறதா என்று பாருங்கள். மூடியை முன்னும் பின்னும் சாய்த்து நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அடுத்த மாடலுக்குப் போங்கள். கேமரா பையையும் எடுத்துப்போங்கள், காலிப் பையாக இல்லாமல் வழக்கமாகக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் சாமான்களோடு. லேப்டாப்பையும் சார்ஜரையும் உள்ளே வைத்து, ஜிப்பை மூடி, தோளில் மாட்டி ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். ஜிப் சிரமமில்லாமல் மூடினால் பில் போடச் சொல்லுங்கள்.