லண்டன் சுவரோவியம் பார்க்கப் போகிறீர்களா?

வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு அடியில் உள்ள லீக் ஸ்ட்ரீட் சுரங்கப்பாதையில் தொடங்குங்கள். 2008-இல் தெரு ஓவியக் கலைஞர் பேங்க்ஸி இங்கே ஓவியத் திருவிழா நடத்தினார். அப்போதிலிருந்து இங்கே யார் வேண்டுமானாலும் வரையலாம். பார்க்கக் கட்டணம் கிடையாது. காலையில் பார்த்த ஓவியத்தின் மேல் மாலையில் வேறொன்று ஏறிவிடும். பிடித்ததை அப்போதே படமெடுத்துவிடுங்கள். வரைபவரின் முகம் தெரிய எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை. சுவரில் சாயாதீர்கள், பெயிண்ட் ஈரமாக இருக்கும். ஸ்ப்ரே நெடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகக்கவசம் அவசியம்.

அடுத்து பிரிக் லேன். பக்கத்து ஹன்பரி ஸ்ட்ரீட்டில் பெல்ஜியக் கலைஞர் ரோவா வரைந்த பிரம்மாண்டமான கொக்கை எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பாருங்கள்; இறகு இறகாகத் தெரியும்.

மில்லேனியம் பாலத்தில் மட்டும் குனிந்து நடங்கள். ஒட்டிக் கிடக்கும் சூயிங் கம் மீது கலைஞர் பென் வில்சன் குட்டிக் குட்டி ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்.