விளையாட்டு எங்கே இருக்கிறது?

அன்புள்ள கயல்விழிக்கு,

ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை இனி விளையாட்டாக நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். சுவரில் ஒரு பெரிய சார்ட், பிள்ளைகள் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள், சரியான விடைக்குப் பத்துப் பாயின்ட், வெள்ளிக்கிழமைதோறும் முதல் மூன்று பேருக்குப் பேனா என்று திட்டமும் போட்டுவிட்டாய். கணக்கு என்றாலே முகம் சுருங்கும் நாற்பது பிள்ளைகளை எப்படியாவது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்ற தவிப்பு உன் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. அந்தத் தவிப்பு கடைசிவரை உன்னிடம் இருக்கட்டும். ஆனால் சார்ட் வாங்கக் கடைக்குப் போகுமுன் உன்னையே ஒரு கேள்வி கேட்டுப் பார். இந்தத் திட்டத்தில் விளையாட்டு எங்கே இருக்கிறது? பாடம் பழையபடி கரும்பலகையில்தான் நடக்கிறது. கணக்கும் பழையபடி நோட்டில்தான் போடப்படுகிறது. நட்சத்திரத்தையும் பேனாவையும் அதன்மேல் ஒட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். கணக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொது அறிவுக் கேள்விகளை வைத்தாலும் உன் சார்ட் அப்படியே வேலை செய்யும். பாடத்தை மாற்றினாலும் மாறாத விளையாட்டால் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. பாடத்தின் கருத்தைப் பயன்படுத்தாமல் ஒரு கட்டம்கூட நகர முடியாது என்று இருந்தால்தான் விளையாட்டு கற்பிக்கும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது அது ஒன்றுதான்.

இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 124 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, நம் பரமபதம் போன்ற எளிய அட்டை விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் அட்டையில் வரிசையாக 1 முதல் 10 வரை எண்கள். இன்னொரு குழுவின் அட்டையில் அதே கட்டங்கள், எண்ணுக்குப் பதிலாக நிறங்கள். காயை நகர்த்தும்போது முதல் குழு எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றது நிறத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் கால் மணிக்குச் சற்று மேல். எண் அட்டையில் விளையாடிய பிள்ளைகள் எண்ணுவதிலும், எண் உருவை அடையாளம் காண்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் ஒன்பது வாரம் கழித்தும் நின்றது. நிற அட்டைக்காரர்களிடம் அப்படி எதுவும் இல்லை. இரு பக்கமும் ஒரே கட்டம், ஒரே நேரம். ஒன்றில் மட்டும் பாடம் காயின் நகர்வுக்குள்ளேயே இருந்தது. ஹேப்குட், ஐன்ஸ்வொர்த் ஆகியோர் இங்கிலாந்தில் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. ஒரு கணினி விளையாட்டில் மார்பில் எண் எழுதிய எலும்புக்கூடுகள் வரும். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணைத் தேர்ந்து அடித்தால்தான் அவை விழும். இன்னொரு வடிவத்தில் சண்டையில் எண்ணே கிடையாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வகுத்தல் கேள்விகள் வரும். முதல் வடிவத்தில் விளையாடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். விருப்பப்பட்டதை ஆடலாம் என்று விட்டபோது, அந்த வடிவத்தை ஏறக்குறைய ஏழு மடங்கு நேரம் ஆடினார்கள். பாடத்தை உள்ளே வைத்தால் சுவை குறைந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். நடந்தது அதற்கு நேர்மாறு.

இனி உன் பேனாவுக்கு வருகிறேன். பரிசு கொடுப்பதில் என்ன கெடுதல் என்று நீ கேட்பாய். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்த சோதனையை ஆசிரியர் வேலைக்கு வரும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கிடையாது. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த பரிசால் கெடுதல் வரவில்லை. ஆசை இருந்த இடத்தில் பேரம் நுழைந்ததுதான் கெடுத்தது. டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 1999-ல் இதுபோன்ற 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பரிசுப் பொருள் உள்ளார்வத்தைக் குறைக்கிறது, அதுவும் கல்லூரி மாணவர்களைவிடச் சிறு பிள்ளைகளிடம் கூடுதலாகக் குறைக்கிறது என்றே தெரிந்தது. உன் வகுப்பில் கணக்கை இயல்பாகவே விரும்பும் நான்கைந்து பிள்ளைகளாவது இருப்பார்கள். வாராவாரம் பேனா வாங்கப் போகிறவர்களும் அவர்கள்தான். அந்த ஆசைக்கு நீயே விலை வைத்துவிடாதே அம்மா.

சுவரில் மாட்டும் வரிசைப் பட்டியல் இதைவிடவும் கவனமாக இருக்க வேண்டிய பொருள். ஹேனஸ், ஃபாக்ஸ் இருவரும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரே பாடத்தை இரண்டு வகுப்புகளுக்கு நடத்தி, ஒன்றில் மட்டும் பதக்கங்களும் தரவரிசைப் பட்டியலும் வைத்தார்கள். பதினாறு வாரத்தின் முடிவில் பட்டியல் இருந்த வகுப்பில்தான் ஆர்வம் குறைந்திருந்தது, மன நிறைவு குறைந்திருந்தது, இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. வளர்ந்த மாணவர்களுக்கே இப்படி என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பார். முப்பத்தெட்டாவது இடத்தில் இருக்கும் பையனுக்கு அந்தச் சார்ட் தினமும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. எங்கே தவறினான், அடுத்து என்ன செய்யலாம் என்பதை அது சொல்வதில்லை. மூன்றாவது வாரத்தில் அவன் சார்ட் பக்கம் பார்ப்பதை நிறுத்துவான். பிறகு கணக்குப் பக்கமே பார்ப்பதை நிறுத்துவான். விளையாட்டின் பெரிய வரமே தோற்றால் திரும்ப ஆடலாம் என்பதுதான். பட்டியல் அந்த வரத்தைப் பறித்து, தோல்வியைச் சுவரில் நிரந்தரமாக மாட்டிவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? முழுக்களின் கூட்டலையே எடுத்துக்கொள். தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்குவோமே, அதுபோல ஆறு கொட்டை. வெள்ளை விழுந்தால் மிகை ஒன்று, கறுப்பு விழுந்தால் குறை ஒன்று. தரையில் சாக்பீஸால் −10 முதல் +10 வரை கட்டம், நடுவில் சுழியத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு காய். ஒருவர் +10-க்கும் மற்றவர் −10-க்கும் அதை இழுக்க வேண்டும். நான்கு வெள்ளை, இரண்டு கறுப்பு விழுந்தால் ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் ஜோடியாகக் கழிந்துபோகும். மிஞ்சிய இரண்டு வெள்ளைக்குக் காய் வலப்பக்கம் இரண்டு கட்டம் நகரும். ஒவ்வொரு வீச்சையும் (+4) + (−2) = +2 என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் காயைத் தொடலாம். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, ஒற்றைப்படை எண்ணே வரவில்லையே டீச்சர் என்று கேட்கும். யாரும் கேட்காவிட்டால் நீ கேள். ஆறில் எத்தனை ஜோடி கழிந்தாலும் மிஞ்சுவது இரட்டைப்படைதான். ஐந்து கொட்டை எடுத்தால் சுழியம் வரவே வராது. இதை அவர்களே வாதாடிக் கண்டுபிடிக்கட்டும். மறுநாள் ஒரு விதியைச் சேர். ஆட்டத்துக்கு மூன்று முறை, விழுந்த கொட்டைகளில் ஒன்றை எடுத்துவிடலாம். நான்கு வெள்ளை, இரண்டு கறுப்பில் ஒரு கறுப்பை எடுத்தால் +2 என்பது +3 ஆகிறது. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம், கடனை எடுத்தால் கையிருப்பு கூடும் என்பதாக அவர்கள் விரலுக்கே தெரிந்துவிடும். இங்கே பாயின்ட் இல்லை, பேனா இல்லை. கணக்குத் தெரியாமல் காய் நகராது. பாடத்தை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டே இருக்காது.

இதற்கு எழும் மறுப்புகளும் நியாயமானவையே. போர்ஷன் முடியாது என்பது முதல் மறுப்பு. எல்லாப் பாடத்தையும் விளையாட்டாக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் வருடாவருடம் தடுக்கி விழும் இடங்கள் ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்றுதான். அங்கே இரண்டு பீரியடு செலவழித்தால், திரும்பத் திரும்ப நடத்தும் ரிவிஷனில் அது மிச்சமாகும். சத்தம் வரும் என்பது அடுத்தது. வரும். அது விதியைப் பற்றிய வாதமா, வெறும் கூச்சலா என்று வரிசைகளுக்கிடையே ஒரு முறை நடந்தாலே உனக்குத் தெரிந்துவிடும். பாயின்ட் முறைக்கும் ஆய்வு ஆதரவு உண்டே என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். சைலர், ஹோம்னர் 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, விளையாட்டுக் கூறுகளால் சிறிய நன்மை இருப்பதாகத்தான் கண்டார்கள். ஆனால் கண்டிப்பான முறையில் செய்த ஆய்வுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், கற்றலில் கிடைத்த நன்மை நிற்கிறது. ஊக்கத்தில் கிடைத்த நன்மை அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. நீ நட்சத்திரம் ஒட்டுவதே ஊக்கத்துக்காக. அங்கேதான் சான்று தடுமாறுகிறது.

வினாடி வினா மட்டும் கூடாதா என்று கேட்டால், தாராளமாக வை. படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நினைவைப் பலப்படுத்துகிறது. ரோடிகர், கார்பிக் 2006-ல் செய்த சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். ஆகவே வினாடி வினாவின் பலன் கேள்வியில் இருக்கிறது, பரிசில் இல்லை. கஹூட் போன்ற செயலிகளைப் பயன்படுத்தினால் வேகத்துக்குப் பாயின்ட் தரும் வசதியை அணைத்துவிடு. யோசிக்கும் பிள்ளையை அது தண்டிக்கும். ஊகித்துத் தட்டும் பிள்ளையைத் தூக்கிவிடும்.

போட்டியில்லாமல் விளையாட்டாகக் கற்பிப்பது புதிதாக வந்த யோசனை என்றும் நினைக்க வேண்டாம். ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை ஒட்டி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியது. அதில் ஏணிப்படி இருந்தது, அட்டைகள் இருந்தன, படிப்படியாக ஏறும் மகிழ்ச்சியும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணியில் தன் வேகத்தில் ஏறியது. அடுத்தவரை முந்த வேண்டியதில்லை. இப்போதைய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளுக்குப் பின்னாலும் அதே எண்ணம்தான் இருக்கிறது. பிள்ளைக்கு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற உன் ஆசை சரியானது. அதை அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரவர் ஏணியாக வரையச் சொல். சுவருக்குக் கொண்டுவராதே.

கடைசியாக ஒன்று. ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை வாங்கி வைத்துவிட்டு, எதுவும் இல்லாமல் ஐந்து கணக்கு போடச் சொல். அடுத்த வாரம் மறுபடி ஐந்து. போட்டார்கள் என்றால் விளையாட்டு வேலை செய்தது. போடவில்லை என்றால், அவர்கள் எவ்வளவு சிரித்து ஆடியிருந்தாலும் விதியை மாற்று. இந்த ஒரு பாடத்தை மட்டும் இந்த மாதம் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுது. நாற்பது பிள்ளைக்கு இருபது ஜோடி, 120 புளியங்கொட்டை வேண்டும். புளி கொட்டை எடுக்கும்போது தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லி வை.

அன்புடன்,
பெரியப்பா